நேர்ந்த கோழியும் கால் கிலோ சேவும்

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் கூண்டைத் திறந்தேன். கோழி இறங்கவில்லை. தவிட்டைப் பிசைந்து மூக்குக்கு நேராக வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். நேற்றுத் தின்றது இந்நேரம் கரைந்திருக்க வேண்டும். கரையாமல் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. எச்சம் பச்சையும் தண்ணீருமாக.

முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவள் நான். எதைப் பார்த்தாலும் தேதி போட்டு எழுதிவைக்கிற புத்தி, ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாகியும் போகவில்லை. பெயர், வயது, தெரு, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக. இந்த ஐந்தையும் சீட்டில் எழுதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஆட்களை வரிசையாக நிறுத்தினால் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு தாண்டும். இப்போது கோழிக்கு எழுதுகிறேன்.

பெயர்: கிடையாது. சாமிக்கு நேர்ந்த கோழிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று மதினி, அண்ணன் பெண்டாட்டி, சொல்லியிருந்தாள்.
வயது: ஏழு.
எடை: 1 கிலோ 350. (பச்சைப் பிள்ளைகளை எடை போடும் தொட்டில் தராசு என்னிடம் ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தது.)

2018இல் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நான் பிழைத்து வந்தால் ஊர்க் காளியம்மனுக்குக் கோழி தருவதாக மதினி வேண்டிக்கொண்டு, ஒரு குஞ்சின் வலது கால் நகத்தை நறுக்கி அடையாளம் வைத்துவிட்டாள். "ஆபரேஷன் பண்ணது டாக்டரு. கோழி காளிக்கா?" என்று கேட்டு, நான்தான் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனிப் பொங்கலுக்கும் மதினி கேட்பாள். நான் ஒரு சாக்கு சொல்வேன். மதினி போயும் மூன்று வருஷம் ஆகிறது. கோழி இருக்கிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

தீனி நிறுத்தம். நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய், பிறகு வெந்நீர். துண்டில் சுற்றி மடியில் வைத்து இரைப்பையைக் கீழிருந்து மேலாகத் தேய்த்தேன். இரண்டு நிமிஷம் பொறுத்தது. மூன்றாவது நிமிஷம் என் சேலையில் வாந்தி.

பக்கத்து வீட்டு மேரிபுஷ்பம் மதில்மேல் தலையை நீட்டி, "எக்கா, போன வருசமே கொழம்பு வச்சிருந்தா இந்தத் தொந்தரவு உண்டா?" என்றாள். "நேர்ந்த கோழியத் தின்னா வாய் கோணிரும். உனக்கு ஏற்கெனவே லேசாக் கோணல்" என்றேன். சிரித்துக்கொண்டே கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து தந்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி அரைத்து உருண்டையாகக் கொடுத்தேன். துப்பிவிட்டது.

மார்ச் 1, சனி

சனிக்கிழமை அண்ணன் வரும் நாள். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். மகள் ஓசூரில். தனியாளாக மொபெட்டில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

வழக்கம்போலக் கால் கிலோ காராச்சேவு வாங்கித் தட்டில் வைத்தேன். வழக்கம்போலத் தட்டை ஒதுக்கி வைத்தார். மதினி போனதிலிருந்து அவர் நாக்கில் மிளகாய் பட்டதில்லை. மோரும் கஞ்சியும்தான். ஒரு காலத்தில் சேவு இல்லாமல் டீ குடிக்காத மனிதர்.

கோழியைத் தொட்டுப் பார்த்தார். "கனி, இந்தப் பொங்கலுக்குக் குடுத்துருவோம். அவ வாக்கு நிக்குது" என்றார். பொங்கல் ஏப்ரல் ஒன்று.

"நோவுள்ள கோழியச் சாமி ஏத்துக்காதுண்ணே."

"அப்பச் சரியாக்கு. நீ நர்ஸுதான."

மார்ச் 4, செவ்வாய்

வயர்கூடையில் துணி விரித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முன்னால் ஒரு பசு, ஆறு ஆடு. ஆட்டுக்காரர் ஒருவர், "கோழிக்கா டோக்கன் போட்டீக?" என்று சிரித்தார். "ஆமா, உங்களுக்கும் ஒண்ணு போடவா?" என்றேன். சிரிப்பு நின்றது.

டாக்டர் பிரிசில்லா சின்னப் பெண். கோழியை நாட்டுக்கோழி என்று இளக்காரமாகப் பார்க்காமல் நிதானமாகத் தடவிப் பார்த்தாள். குழாய் வைத்து இரைப்பையைக் கழுவினாள். புளித்த நாற்றம்.

"என்னம்மா தீனி போடுறீங்க?"

"கம்பு, தவிடு, சோறு."

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"எட்டு நாளா."

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. மதுரையில் ஒரு டாக்டர், மதினியின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதையேதான் கேட்டார். அப்போது பதில் சொன்னது அண்ணன். "தெரியல சார். எங்கிட்ட அவ சொல்லவே இல்ல" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

மருந்து: காலை, மாலை ஐந்து மில்லி. கம்மங்கூழின் தெளிவும் தயிரும் மட்டும்.

மார்ச் 6, வியாழன்

எடை 1 கிலோ 290. தெளிவு 20 மில்லி உள்ளே போனது. எச்சம் நான்கு முறை. ஒன்று நன்றாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மார்ச் 8, சனி

அண்ணன் மொபெட்டை நிறுத்தும்போதே தள்ளாடினார். சுவரைப் பிடித்து நின்றார். உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தேன். 90க்கு 60. ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினேன். நாற்பத்தெட்டு கிலோ. மதினி இருந்தபோது அறுபத்தாறு.

"டாக்டர்ட்டப் போனீகளா?"

"போனேன். ஒண்ணுமில்ல, ஒழுங்காச் சாப்பிடுங்கன்னாரு."

"அப்பச் சாப்பிடுங்கண்ணே."

"எறங்கல தாயி." தட்டிலிருந்த சேவைப் பார்த்தார். "தெனம் மிளகாய அம்மியில அரச்சு ஊத்தச் சொன்னவன் நானு. கொறஞ்சா வட்டிலத் தூக்கி எறிஞ்சவன். அவளும் அதத்தான தின்னா. வயிறு வெந்திருக்கு. சொன்னா நான் கத்துவேன்னு பயந்து மறச்சுட்டா."

"மிளகாயால வயித்துல அந்தக் கட்டி வராதுண்ணே. நூறு தடவ சொல்லிட்டேன்."

"சரி, வராது. பெறகு ஏன் எங்கிட்ட மறச்சா?"

பதில் என்னிடம் இருந்தது. டீ போடுவதற்கு எழுந்து போனேன்.

மார்ச் 10, திங்கள்

டாக்டரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அண்ணன் தொடாத சேவை வாரம்தோறும் கோழிக்குத்தான் நொறுக்கிப் போட்டு வந்தேன். கால் கிலோ. மூன்று வருஷமாக. கீழே கொட்ட மனசில்லை. கோழிக்குக் காரம் தெரியாது, கொத்திக் கொத்தித் தின்னும். எண்ணெயும் உப்பும் கடலைமாவும் அதன் வயிற்றில் என்ன செய்யும் என்று நர்ஸுக்குத் தோன்றவே இல்லை.

அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும் ஏன் வாரம்தோறும் வாங்கினேன்? என்றாவது ஒருநாள் கை நீட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்ற நப்பாசை. எனக்கு வேண்டியதற்கு வாங்கினேன், கோழி தின்றது.

இன்னொன்று. எட்டு நாள் என்று சொன்னதும் பொய். தைப் பொங்கலுக்கே இரை மெதுவாகத்தான் இறங்கிற்று. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 12, புதன்

போனில் டாக்டரிடம் சேவு விஷயத்தைச் சொன்னேன். "பரவால்லம்மா, இப்பயாச்சும் சொன்னீங்களே" என்றாள். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கல்யாணமே பண்ணாத எனக்கு மகள் கணக்கு வேறு.

மார்ச் 13, வியாழன்

பீரோவில் துணி எடுக்கும்போது 2021 டைரி கையில் பட்டது. உள்ளே தள்ளிவிட்டுத் துணியை மட்டும் எடுத்தேன்.

மார்ச் 15, சனி

இன்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். கோழி கொஞ்சம் தெளிந்து முற்றத்தில் நாலடி நடந்தது. அதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "பொங்கலுக்குத் தாங்கிரும்போலயே" என்றார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இது பொய். அவர் சிரிப்புக்காக நான் விடவில்லை. பயந்துதான் விட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி நின்றுவிட்டது. எடை 1 கிலோ 140. டாக்டர் இந்த முறை வயிற்றுக்கு அடியில் அழுத்திப் பார்த்து, என் விரலையும் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். உள்ளே புளியங்கொட்டைகளைக் கட்டிவைத்தது மாதிரி ஒரு கட்டி.

"சேவு மட்டும் காரணம் இல்லம்மா. இது வேற. வயசான கோழிக்கு வரும். இதனாலதான் இரை எறங்கல."

"முன்னாடியே கொண்டாந்திருந்தா?"

"அப்பவும் பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. வலி இல்லாமப் பாத்திருக்கலாம்."

மதினிக்கு அப்படி இல்லை. மதுரை டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஆகஸ்டுல வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்." நாங்கள் போனது டிசம்பர்.

மார்ச் 20, வியாழன்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கோழி எத்தனை மில்லி குடித்தது, எத்தனை முறை எச்சம் போட்டது, என்ன நிறம், எல்லாம் இருக்கிறது. பிறகு பீரோவைத் திறந்து அந்த டைரியை எடுத்தேன்.

மதினியைப் பற்றிப் பதினொரு இடம்.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பதும் சரியில்லை. வாயால் வரவில்லை. அண்ணன் உட்கார்ந்ததும் டைரியை, அடையாளத்துக்குக் காகிதம் வைத்து, மடியில் வைத்தேன். "இதப் படிங்கண்ணே" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். என் கையெழுத்தை அவர் குரலில் கேட்க வேண்டியதாயிற்று.

"ஆகஸ்ட் 14. தடுப்பூசி முகாம். 340 பேர். மதினி வரிசை முடியுமட்டும் காத்திருந்து வந்தாள். இரண்டு மாசமாக நெஞ்செரிச்சலாம். வாயு மாத்திரை 10."

"ஆகஸ்ட் 29. மதினிக்கு மறுபடி எரிச்சல். மாத்திரை 10. சேவைக் குறைக்கச் சொன்னேன்."

"செப்டம்பர் 19. முகாம். மதினி. மாத்திரை."

"அக்டோபர் 3. மதினி. நேரமில்லை. மாத்திரை கொடுத்தனுப்பினேன்."

அண்ணன் ஒன்றையும் விடாமல் படித்தார். கடைசியில் நவம்பர் ஏழு.

"மதினி மெலிந்திருக்கிறாள். சோறு இறங்கவில்லை என்கிறாள். 'உங்க அண்ணன்ட்டச் சொல்லட்டா கனி?' என்று கேட்டாள். வேண்டாம் மதினி, அவர் சும்மா பயந்து ஊரைக் கூட்டுவார் என்றேன். மாத்திரை 20."

கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

என் ஏரியாவில் யாராவது மூன்று வாரம் எரிச்சல் என்று சொன்னால் கையோடு சீட்டு எழுதி அனுப்பிவிடுவேன், விடவே மாட்டேன். அண்ணன் வீடு இருந்த தெரு என் ஏரியா இல்லை. வீட்டு மனுஷிக்கு எதற்குச் சீட்டு, நான்தான் இருக்கிறேனே என்று நினைத்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் இருந்திருக்கும்.

"அவ போன பெறகு அரிசிப் பானைக்குள்ள மாத்திர அட்ட கெடந்துச்சு" என்றார் அண்ணன். "யாரு குடுத்தா, ஏன் ஒளிச்சு வச்சான்னு மூணு வருசமா மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டுக் கெடந்தேன். எனக்குப் பயந்து ஒளிச்சான்னு நெனச்சேன்."

"நான்தாண்ணே சொல்ல வேண்டாம்னேன்."

"படிச்சேன்."

மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. தட்டில் சேவு. டீயும் ஆறிக் கிடந்தது.

மார்ச் 24, திங்கள்

எடை 1 கிலோ 20. போன் இல்லை.

மார்ச் 26, புதன்

போன் செய்தேன். எடுக்கவில்லை. ஓசூருக்குப் போட்டேன். "அப்பா நல்லாத்தான் இருக்காங்க அத்தை, ஏன் கேக்குறீங்க?" என்றாள் மகள். அவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

பேச ஆளில்லாமல் கோழியிடம் பேசினேன். மடியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. உன்னை ஏழு வருஷமாக ஏன் கொடுக்கவில்லை தெரியுமா என்று கேட்டேன். பாவம் பார்த்து என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மதினியின் நம்பிக்கையை நம்பாதவள் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. படித்தவள் இல்லையா. அந்தப் படிப்புதான் நெஞ்செரிச்சல் என்றால் வாயு என்று சொல்லிற்று.

மதினி என் சாப்பாட்டுத் தூக்கை இருபது வருஷம் கட்டிக் கொடுத்தவள். ஒரு நாள்கூட உப்பு கூடியதில்லை. இதை எங்கேயும் எழுதியதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 29, சனி

அண்ணன் வரவில்லை. சேவு வாங்கியிருந்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கோழி போய்விட்டது. என் கை அதன் நெஞ்சில்தான் இருந்தது. இரண்டு தடவை இறக்கையை விரித்தது, அவ்வளவுதான். வலி தெரியாமல் போனது என்று எழுத ஆசை. எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "கோழி செத்துருச்சுண்ணே" என்றேன். "பொதைச்சுராத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வாசலில் மொபெட் சத்தம். அண்ணன் இறங்கவில்லை. "நேர்ந்தத வீட்டு மண்ணுல போடக் கூடாது. கோயில் எல்லையில போடணும். ஏறு" என்றார். கோழியை மஞ்சள் துணியில் சுற்றி வயர்கூடையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். கோயில் பதினாலு கிலோமீட்டர்.

கோயிலில் பொங்கல் கூட்டம், கொட்டுச் சத்தம். நாங்கள் உள்ளே போகவில்லை. பின்னால் ஓடைக்கரையில் அண்ணன் மண்வெட்டியால் தோண்டினார். நாலு வெட்டுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். மண்வெட்டியை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. துணியைப் பிரித்து அந்த வலது காலைப் பார்த்தார். நறுக்கிய நகம் மொட்டையாகவே இருந்தது. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா, கனிக்காக உச்சிமாகாளி நேர்ந்த கோழி. ஏழு வருசம் கழிச்சுக் கொண்டாந்திருக்கோம். எடுத்துக்க."

மதினியின் பேரை அவர் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் மண்ணைத் தள்ளினேன். தள்ளி முடித்து நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். அதுவாக இருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒனக்கு ஒண்ணுன்னதும் நேர்ந்துக்க அவ இருந்தா. அவளுக்கு நேர்ந்துக்க எனக்குத் தெரியாமப் போச்சு. நீ நேர்ந்துக்கிற ஆளு இல்ல, அது எனக்குத் தெரியும். ஒரு சீட்டாச்சும் எழுதியிருக்கலாம்ல, கனி."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. தேற்றவும் வேண்டியதில்லை.

திரும்பி வந்து வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. மொபெட்டை அணைக்கவும் இல்லை. நான் கேட்டைச் சாத்தப் போகும்போது, "அந்தச் சேவு இருக்கா?" என்றார். உள்ளே ஓடிப்போய் சனிக்கிழமைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அங்கேயே நூலைப் பிரித்து, நான்கைந்தை எடுத்து வாயில் போட்டு மென்றார். மூன்று வருஷம் காரம் படாத நாக்கு. கண்ணில் தண்ணீர் வந்து இருமினார். தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டி, பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மிச்ச மருந்தைக் கொட்டினேன். கோழியின் கேஸ் இத்துடன் முடிகிறது. அடுத்த பக்கத்தில் எழுத வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

பெயர்: உச்சிமாகாளி, க/பெ வேலுச்சாமி.
வயது: 54.
தெரு: கீழத்தெரு. என் ஏரியா அல்ல.
தொந்தரவு: நெஞ்செரிச்சல்.
எத்தனை நாளாக: இரண்டு மாசம்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பப்படுகிறார். வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று.
தேதி: 14.8.2021.
சண்முகக்கனி, கிராம சுகாதார நர்ஸ்.